மொட்டையும் ஒட்டவில்லை

செவ்வாய், ராத்திரி.

வலிப்பு நோய் ஆராய்ச்சியில் எனக்கு இது முதல் வேலை. மூளையின் அலைகளைப் பதியத் தலையில் கம்பிகளை ஒட்டவேண்டும். எண்ணெய் இருந்தால் ஒட்டாது. நோயாளிகள் எல்லாரும் எண்ணெய் வழியத்தான் வருகிறார்கள்.

இன்று சீவலப்பேரி அண்ணாச்சி மொட்டையோடு வந்தார்.

"எண்ணெதான வேண்டாம்னிய? திருச்செந்தூர்ல முடியையே இறக்கிட்டேன்."

தலை முழுக்கச் சந்தனம்.

"கழுவிருவோமா அண்ணாச்சி?"

"முருகன் சந்தனம்லா. இன்னைக்குக் கழுவப்பிடாது தாயி."

பேராசிரியர் என்னைத்தான் முறைத்தார். "இந்த மாசமும் பதிவு வரலைன்னா உன் வேலையை நீட்டிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத தலையும் வேணும். நாளைக்கு நீயே உட்காரு."

எனக்குத் தலை கொதித்தது. வீட்டுக்கு வந்து அம்மா மடியில் படுத்துவிட்டேன். அவள் நல்லெண்ணெய் தேய்த்து முடித்த பிறகுதான் உறைத்தது, நாளைக்கு உட்காரப்போவது இந்தத் தலை. சீயக்காய் வேறு தீர்ந்துவிட்டதாம்.