கிழவியை எடுக்காதே

என் அன்பனே,

இதைப் படகின் சுக்கான் பிடியில் ஒட்டிவிட்டுப் போகிறேன். சிங்கி இறால் பொறிகளைத் தூக்கப் போகும் அவசரத்தில் படிக்காமல் கிழித்துவிடாதே.

பதினாறு வயதில் நான் நடித்த துப்பறியும் பெண் தொடரை இப்போது பேய்க்கதையாக மறுபடி எடுக்கிறார்கள் அல்லவா? இதில் எனக்கு ஆவிகளோடு பேசுகிறவள் வேடம். இன்று காலை, துப்பறியும் பெண்ணாக வரும் தேலியாவின் கையை நான் பிடித்திருந்தேன். "உன்னைக் கொன்னது யாரு?" என்று அவள் ஆவியைக் கேட்க வேண்டும். ஆனால் என் பக்கம் திரும்பி, "அம்மா, கிழவியை எடுக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு. அடியில தண்ணி ஏறுது" என்றாள்.

நம் படகுக்குக் கிழவி என்று பேர் வைத்தவள் யார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் உடலைக் கரைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து நாம் இருவரும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை.

"அந்தப் பேரை எங்கடி கேட்ட?" என்று கத்திவிட்டேன். தேலியா மிரண்டுபோனாள். "எந்தப் பேரு? நான் வசனத்தைத்தானே சொன்னேன்!"

இயக்குநர் எடுத்த காட்சியைப் போட்டுக் காட்டினார். அதில் வசனம் மட்டும்தான் இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் இங்கே ஓடிவந்தேன். அடிப்பலகையைத் தூக்கிக் கையை விட்டேன். முழங்கை வரை நனைந்தது.

சாவியைத் தேடாதே. என்னிடம் இருக்கிறது.

 காட்சியின் மீதியை எடுக்கக் கூப்பிடுகிறார்கள், மறுபடி தேலியாவின் கையைப் பிடிக்கப் போகிறேன். நான் பயந்து கையை உதறியபோது, அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

உன் மனைவி