ரெண்டு என்று சொன்ன நைனாவுக்கு

என் ஆசை நைனா,

நீ போன பிறகு ராயபுரத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மாதா கோயில் மணி அடிக்கிறது, துறைமுக லாரிகள் தெருவை அடைக்கின்றன. உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது, அதான் எழுதுகிறேன்.

சிக்குன்குனியா வந்து நம் தெருவே நொண்டி நடந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல் விட்ட பிறகும் படுகிற அவஸ்தையை நோயாளி வாயாலேயே கேட்டு அளக்க, ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். வீடுவீடாகப் போய்க் கேட்பது என் வேலை. ஒத்திகை பார்த்தது உன்னிடம்தான். வலிக்குப் பத்துக்கு எத்தனை போடலாம் என்றேன்.

"ரெண்டு போட்டுக்கோ. ஹார்பர்ல கால் மேல மூட்டை வுயுந்தாதான் பத்து" என்றாய்.

அடப்பாவி மனுஷா! அன்று காலை பூசைக்குக் கிளம்பும்போது உன் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டதே நான்தான். விரல் மடங்காமல் டீ கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக் குடித்தாய்.

நீ மட்டுமில்லை. தண்டையார்பேட்டை, எண்ணூர், எங்கே போனாலும் ஆம்பளைகள் ரெண்டைத் தாண்டவில்லை. சட்டைப் பட்டனை நீங்களே போட்டுக்கொள்கிறீர்களா என்றும் கேட்போம் என்று கேள்வித்தாள் தயாரித்த டாக்டரம்மாவிடம் சொன்னேன், சேர்த்தார்கள். ஆனால் வலி ரெண்டு என்றவர்களே பட்டன் போட முடியாது என்றார்கள். அந்தப் பதில் வலிக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை, எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. பொய் சொல்வது பட்டன் இல்லை, அந்த ரெண்டுதான் என்று மன்றாடினேன். இன்னொரு சுற்று கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள்.

அதற்குள் உனக்கு மாரடைப்பு. அன்றைக்காவது வலிக்கிறது என்று யாரிடமாவது சொன்னாயா, நைனா?

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் திருவொற்றியூரில் ஒரு ஃபிட்டர் வீடு. இந்தச் சுற்றில் பட்டன் கேள்வியை முதலில் கேட்டேன். அடுப்படியிலிருந்து அவர் மனைவி, "தெனம் நான்தான் போட்டு வுடறேன். சொல்லேன்யா" என்றார். ஃபிட்டர் தலை குனிந்துகொண்டார்.

"தாங்க முடிலமா. எட்டு போட்டுக்கோ."

கண்ணீர் என் கண்ணை மறைத்தது. பேனாவை மூடிவிட்டு, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் எட்டு என்று எழுதினேன். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். பட்டனைக் கேட்டுவிட்டு வலியைக் கேட்டால் பலருக்கு உண்மை வந்தது.

இதுதான் சேதி. நேற்று கேள்வித்தாள் அச்சாகி வந்தது. உன் பட்டன்தான் முதல் கேள்வி.

நீ கேட்டால் சிரிப்பாய். சிரி. ஆனால் இனி நான் போகிற எந்த வீட்டிலும், ரெண்டு என்று சொல்கிற எந்த நைனாவையும் அந்த ரெண்டோடு விட்டுவிட்டு வரமாட்டேன்.

உனக்குப் பட்டன் போட்டுவிட்ட மகள்,
ஸ்டெல்லா