விற்பனைக்கு, கெட்டில் நீங்கலாக

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கடிதம் என்றதும் கலங்கிவிடாதே.

முதலில் முக்கியமான செய்தி. இந்த வீட்டில் இரண்டு மாலைகள் நடந்த ஆலோசனைக்குப் பிறகு, கெட்டில் உன் வண்டியைச் சேர்ந்ததல்ல, வீட்டைச் சேர்ந்தது என்று ஒருமனதாக முடிவு செய்யப்பட்டிருக்கிறது. முதல் மாலை உன் அத்தான் எதிர்த்தார். வண்டிக்கென்று வாங்கிய பொருள் வண்டியோடுதான் போக வேண்டும் என்பது அவர் கட்சி. இரண்டு வருடமாக என் அடுப்பில் உட்கார்ந்து உழைத்த பொருள் எனக்குத்தான் என்பது என் கட்சி. இரண்டாம் மாலை நான் டீ போடவில்லை. அதன்பின் கருத்து வேற்றுமை நீங்கியது. உன் வண்டியால் இத்தனை காலத்தில் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை அந்தக் கெட்டில்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உன் மனைவியின் பேச்சை எடுத்தால் உன் ஊரில் சிக்னல் போய்விடுகிறது. மற்ற எல்லாப் பேச்சுக்கும் கணீரென்று இருக்கிற சிக்னல். காகிதத்துக்கு அந்தக் கோளாறு கிடையாது.

மூன்று மாதம் நிற்கட்டும் அக்கா என்று நீ நிறுத்திவிட்டுப் போன வண்டி, எங்கள் சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றது. நான் நடுப்பகலில் விளக்குப் போட்டு வெங்காயம் நறுக்கினேன். அதற்கு நாலு சக்கரமும் இழுக்குமாம். ஆற்றில் இறங்கினாலும் மூச்சுவிட முகப்பில் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கிறது. கூரையில் மடித்து வைத்த கூடாரம். சேற்றில் சிக்கினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன்னால் ஓர் இரும்புக் கயிற்று உருளை. அது சிக்கியது என் வாசலில் மட்டும்தான். அங்கிருந்து அது தன்னை இழுத்துக்கொள்ளவில்லை.

விற்றுவிடு என்று நீ சொன்ன அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, நீ நிபந்தனைகளைச் சொல்லி முடிக்கும்வரை நீடித்தது. வாங்குகிறவர் உண்மையான பயணியாக இருக்க வேண்டும். சுமை ஏற்றக்கூடாது. நிறத்தை மாற்றக்கூடாது. கூடாரத்தைக் கழற்றக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விற்கிற விஷயம் உன் மனைவிக்குத் தெரியக்கூடாது. நான் மருந்துக்கடை நடத்துகிறவள். சாப்பாட்டுக்கு முன்னும் போடக்கூடாது, பின்னும் போடக்கூடாது, ஆனால் குணமாக வேண்டும் என்கிற மருந்துச் சீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

விளம்பரம் எழுதும் பொறுப்பை உன் அத்தானிடம் கொடுத்தது என் தவறு அல்ல. வேறு யாரும் வீட்டில் இல்லை. அவர் பாடப்புத்தக அச்சகத்தில் ஆயுள் முழுவதும் பிழை திருத்தியவர் என்பது உனக்குத் தெரியும். நல்லதாக எழுதுங்கள் என்றேன். ஒரு பகல் முழுக்க வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கீழே உள்ளதை எழுதினார். எழுதியது மட்டுமில்லை, என்னிடம் காட்டாமல் படத்தோடு இணையத்தில் போட்டும்விட்டார்.

“நெடும்பயணத்துக்கென மாற்றியமைத்த வண்டி விற்பனைக்கு, கெட்டில் நீங்கலாக. காணப்படும் பிழைகள்: அடுப்புக்குக் கீழுள்ள இழுப்பறையை முழங்காலால் இடித்தால்தான் திறக்கும். பின்கதவு முதல் முறை சாத்தினால் சாத்திக்கொள்ளாது. எரிபொருள் முள் எப்போதும் பாதியில் நிற்கும். இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். மழையில் கூடாரத்தின் வலப்பக்கத் தலைமாட்டில் ஒரு சொட்டு விழும். மற்றவை சரி.”

மற்றவை என்ன என்று கேட்டேன். சரியாக இருப்பதை எதற்குக் குறிப்பது, அது அவர்கள் தொழில் முறையில்லை என்றார்.

இந்த விளம்பரத்துக்கும் ஆட்கள் வந்தார்கள் என்பதை மனித குலத்தின் பெருமையாகவே சொல்ல வேண்டும். முதலில் வந்தவர் ஒரு நிபுணர். எத்தனை பாலைவனம் பார்த்தவரோ, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே அரை நாள் பேசினார். இந்த ஸ்பிரிங் போட்டவன் ஆர்வக்கோளாறு, இந்தக் குழாய் வச்சவன் ஆத்தையே பாத்திருக்க மாட்டான் என்று கீழேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. உன்னைப் பற்றி அவ்வளவு சரியாகச் சொல்கிறாரே என்று நானும் காப்பி கொடுத்தேன். கடைசியில் எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டு, தனக்கு வாங்குகிற எண்ணம் இல்லை, பார்க்க வந்ததாகச் சொன்னார்.

அடுத்து, கல்யாணப் படம் எடுக்கிற பையன்கள். வண்டி வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்தால் போதும் என்றார்கள். மணமக்கள் இரண்டு பேரையும் கூடாரத்தில் ஏற்றி, அவர்கள் உலகத்தின் எல்லையைப் பார்ப்பது போல எங்கள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கவைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் செருப்பு ஒன்று இன்னும் வாசலில் கிடக்கிறது.

மூன்றாமவர் கோழிப்பண்ணைக்காரர். இவர் ஒருவர்தான் உண்மையில் வாங்க வந்தவர். உன் நிபந்தனைகளை உன் அத்தான் வரிசையாக வாசித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூடாரம் வேணாம், அடுப்பு வேணாம், இழுப்பறை வேணாம், இதெல்லாம் கழட்டிட்டு மிச்சம் என்ன இருக்கோ அதுக்கு ஒரு வெல சொல்லுங்கய்யா என்றார். கூண்டு கொள்கிறதா என்று பார்க்கத் தானே ஸ்பேனர் எடுத்து ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தார். அளந்தார். கொள்ளவில்லை. போய்விட்டார். இருக்கையை மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அதை வராந்தாவில் இழுத்துப் போட்டோம். உன் அத்தான் அதில் உட்கார்ந்து சாய்ந்து பார்த்தார். அன்று முதல் செய்தித்தாள் படித்தது அதில்தான். இந்த வீட்டுக்கு வந்த நாற்காலிகளிலேயே இதுதான் உயர்ந்தது என்றார். எழுப்பினால் இடுப்பு வலி என்றார். ஆக, விற்பனையில் நமக்கு ஒரு நாற்காலி லாபம்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது போன வாரம் ஒரு போன் வந்தது. நான் கடையில் இருந்தேன். பேசியது உன் அத்தான். ஒரு பெண்மணி, நன்றாக விவரம் தெரிந்தவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், நாளைக்கு வருகிறேன் என்று வைத்துவிட்டார், இவர்தான் உண்மையான பயணி என்று எனக்குப் பட்டது என்றார். என்ன கேட்டார் என்றேன். அந்தச் சொட்டு இன்னும் வலது பக்கந்தான் விழுதா என்று கேட்டாராம். இவரும், ஆமாங்க, தலைமாட்டிலேதான் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

தம்பி, அந்த “இன்னும்” உன் அத்தானின் காதில் விழவில்லை. ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தால் தூக்கம் வராத மனிதர்.

மறுநாள் உன் மனைவி வந்தாள்.

நீ மறைக்கச் சொன்ன ஒரே ஆளைத் தேடிப்பிடித்துக் கூட்டி வந்திருக்கிறது உன் அத்தானின் விளம்பரம். படத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்ததாம், பிழைகளைப் படித்ததும் நிச்சயமாகிவிட்டதாம். உலகத்தில வேற எந்த வண்டிக்கு அண்ணி இந்த அஞ்சும் சேர்ந்து இருக்கும் என்றாள். உன் அத்தான் எழுந்து நின்று, உட்காரும்மா என்று அவசரத்தில் வண்டியின் இருக்கையையே காட்டினார். அவள் அதைப் பார்த்தாள். உட்காரவில்லை.

இளைத்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது. நேரே வண்டிக்குப் போனாள். முழங்காலால் இடித்து இழுப்பறையைத் திறந்தாள். பின்கதவை எடுத்த எடுப்பில் இரண்டு தடவை சாத்தினாள். இழுப்பறையில் கெட்டிலுக்கென்று வட்டமாக நீ வெட்டிவைத்த பள்ளம் இருக்கிறதல்லவா, அதில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கட்சியை விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

நான்தான் பேச்சுக்கொடுத்தேன். இதை ஏன் எழுதுகிறேனென்றால், நீ கேட்டிருக்க வேண்டியதை அவள் என்னிடம் சொல்ல நேர்ந்தது. நீங்கள் இருவரும் தரை வழியாகவே கடைசிக் கடல்வரை போவதாக இருந்தது. கூடாரம் வந்ததும் கிளம்புவது என்றாய். அவள் வேலையை விட்டுவிட்டுப் பையைக் கட்டி வைத்தாள். கூடாரம் வந்தது, இரண்டாவது பேட்டரி இல்லாமல் எப்படி என்றாய். பேட்டரி வந்தது, தண்ணீர்த் தொட்டி சிறிசு என்றாய். ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரே ஒரு சாமான் என்றாய். கட்டின பையை அவிழ்க்காமலே ஒருநாள் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நீயும் என்ன செய்தாய், மீதிச் சாமான்களுக்குச் சம்பாதிக்க என்று அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்தாய். உங்களுக்குள் அடிதடி, அவமானம், மூன்றாம் ஆள் என்று நான் என்னென்னவோ கற்பனை செய்து அழுதிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி என்று தெரிந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

விலை பேச வேண்டிய நேரம் வந்தது. உன் அத்தான் தொண்டையைச் செருமினார். அவள், நான் வாங்க வரல அண்ணா, என் பாதியை எடுத்துட்டுப் போக வந்தேன், அவர் பாதியும் அதோடயே ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுக்கு நான் என்ன பண்ண என்றாள். உன் அத்தான் வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் விளம்பரத்தில் ‘விற்பனைக்கு’ என்பது பிழை என்றார். அன்று மாலையே நீக்கிவிட்டார். எனக்கும் அவளோடு வழக்காட ஒன்றும் அகப்படவில்லை. அவள் சேமிப்பும் அதில்தான் போயிருக்கிறது.

ஆகையால் வண்டி விற்கவில்லை. போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பும்போது ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு ஆள் நமக்குத்தான் விடைகொடுக்கிறார்கள் என்று கையை ஆட்டினார். டயர் மாற்றி, எண்ணெய் மாற்றி, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நடுவில் பத்து நாளாவது இருக்கும். தனியாகவா போகிறாய் என்று கேட்டேன். கிளம்புற தேதிக்கு யார் இருக்காங்களோ அவங்களோட என்றாள். இன்னும் ஏதாவது பொருத்த வேண்டுமா என்று உன் அத்தான் கேட்டுத் தொலைத்தார். அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவனிடம் சொல்லட்டுமா என்றேன். சொல்றதுன்னா சொல்லுங்க அண்ணி, ஆனா வரும்போது ஒரு சாமான் வாங்கிட்டு வரேன்னு மட்டும் அவர் சொல்லவேணாம் என்றாள்.

கெட்டில் விஷயத்தில் மறுபரிசீலனை நடந்தது. அவள் கிளம்புவதற்கு முன் நானே தேய்த்துக் கழுவி அந்தப் பள்ளத்தில் வைத்துவிட்டேன். சரியாகப் பொருந்தியது. இந்த வீட்டில் இப்போது பாத்திரத்தில்தான் தண்ணீர் கொதிக்கிறது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு. தண்ணீர் மாறினால் உனக்கு ஒத்துக்கொள்ளாது, கொதிக்கவைத்துக் குடி. உன் மனசு தெரிந்துதான் உன்னை வளர்த்தேன். நீ இதைப் படித்ததும் கடைக்குத்தான் போவாய். போகாதே. கடவுள் உனக்கு வெறுங்கையோடு கிளம்புகிற புத்தியைக் கொடுக்கட்டும். வரும்போது எதுவும் வாங்கிக்கொண்டு வராதே தம்பி.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

பி.கு.: உன் அத்தான் பழையபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். இருக்கையை அவள் மெக்கானிக்கை அழைத்துவந்து அதன் இடத்தில் மாட்டிக்கொண்டுதான் போனாள்.