வண்டியின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்த விவரம்

திண்டுக்கல்
அக்டோபர் 9, வியாழன்

அன்பு மகன் பிராங்கிளினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், மரியசெல்வி அத்தையும் அவள் முழங்கால் வலியோடு சுகமாக இருக்கிறாள், அங்கே பெர்த்தில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வர வேண்டும் என்று காலை ஜெபத்தில் தினமும் உன் பெயரைச் சொல்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் என்னால் முடியாது, உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன், நீயும் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவாய், இருபது மாதமாக ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போகின்றன. அதனால் கடிதம். எதையும் விட்டுவிடாமல் இருக்க, எழுதப் போவதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. வீட்டு நலம்.
2. நம் வண்டியின் ஹெட்டைக் கழற்றியபோது கண்டது.
3. இனி எந்த ஹெட் போடலாம் என்பது.
4. அம்மாவின் மூன்றாம் நாள் பூசை முடிந்து கல்லறையில் நான் உன்னைப் பார்த்துச் சொன்னது.

நான்காவதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை, இரண்டும் மூன்றும் சொன்ன பிறகுதான் அதற்குக் கை வரும்.

முதலாவது. இடது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள், இப்போது எழுத்து நன்றாகத் தெரிகிறது, வலது கண்ணுக்குத் தவக்காலத்துக்கு முன் வரச் சொல்லியிருக்கிறார்கள். குழாயில் குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது, வந்த அன்று குடங்களைத் தூக்க அத்தை ஆள் அனுப்புகிறாள். சமையல் நானே செய்துகொள்கிறேன், ரசம் வருகிறது, குழம்பு இன்னும் சரியாக வரவில்லை, வெஞ்சனத்துக்கு அத்தை வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்துவிடும். அவள் உனக்குச் செம்பட்டிப் பக்கம் ஒரு ஆசிரியைப் பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். நான் அவனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன், நீங்க கேட்டு என்னைக்குண்ணே சொல்லியிருக்கீக, உங்க பிள்ளைகிட்ட நாக்கு எந்திரிக்குமா உங்களுக்கு என்று சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அன்று சாப்பிடவில்லை.

இரண்டாவது. வண்டியை இரும்புக்குப் போட்டுவிடுங்கள் அப்பா என்று ஆகஸ்டில் ஒரு வரி அனுப்பியிருந்தாய். உன் வார்த்தையை மீறியதற்கு மன்னித்துக்கொள். நீ இரண்டு வருடம் லீவு லீவாக வந்து, ஷெட்டில் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து சரிசெய்த வண்டி, எடைக்குப் போடுமுன் ஓடுகிற நிலையில் யாருக்காவது கொடுக்கலாமே என்று நினைத்து, பேகம்பூரில் லேத் வைத்திருக்கும் இஷாக்கிடம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம். நீ அவரிடம்தான் முன்பு ஹெட்டைச் சீவினாயாம், என்னை மிஷினத் தொடவே விடல, ஒங்க மகனே நின்னு சீவிக்கிட்டாப்ல என்று அவரே சொன்னார். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்க்கவே இதை எழுதுகிறேன், தவறாக இருந்தால் திருத்து. ஹெட் என்பது சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக உட்கார்ந்து, வால்வுகளைத் தாங்கி, இன்ஜின் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கிற அலுமினியக் கட்டி. அதன் அடிப்பக்கத்தை நீ ஒரு மில்லிமீட்டர் சீவியதால் அழுத்தம் கூடி வண்டிக்கு வேகம் வந்தது. அழுத்தம் கூடினால் சூடும் கூடும், அதனால்தான் சின்னாளப்பட்டி அருகே ஆவி கக்கி நின்றது என்று நான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இஷாக் போல்ட்டுகளைக் கழற்றி ஹெட்டை மேசைமேல் கவிழ்த்துப் போட்டார். வெர்னியரை என் கையில் கொடுத்து, சார் நீங்களே அளந்து பாருங்க, நான் சொன்னா கூட்டாளிக்குப் பரிஞ்சு பேசுறேன்னு நெனைப்பீக என்றார். நான்கு மூலையிலும் அளந்தேன், நம்பாமல் இரண்டாவது தடவையும் அளந்தேன். நான்கும் ஒரே கனம். முடி அளவு வித்தியாசம்கூட இல்லை. இந்தச் சீவல்ல ஒரு நூல் பிசகு கெடையாது சார், ஒங்க மகன் வேல இது, வண்டி நின்னதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல என்றார். பிறகு தண்ணீர் ஓடும் துவாரங்களுக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டுச் சுரண்டினார். வெள்ளையாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது. பாதித் துவாரங்கள் முழுவதும் அடைத்திருந்தன, இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவே அலுமினியம் செல்லரித்த தாள் போல் ஆகி, அந்த இடத்தில் ஹெட்டுக்கு அடியில் வைக்கிற பேக்கிங் பிய்ந்திருந்தது. உதிர்ந்ததை உள்ளங்கையில் அள்ளி என்னிடம் நீட்டி, இது ஹெட்டா இல்ல நம்மூரு போர் தண்ணி காச்சுன அண்டாவா என்று கேட்டார். கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். யாரு சார் இதுல உப்புத்தண்ணி ஊத்துனது என்று அடுத்துக் கேட்டார். வாட்டர் சர்வீஸில் யாராவது ஊற்றியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஊற்றியது நான்தான் பிராங்கிளின். நீ வைத்துவிட்டுப் போன கூலன்ட் கேன் தீர்ந்த பிறகு, சனிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி முடித்ததும் ரேடியேட்டரைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் அதே வாளியிலிருந்து நம் வீட்டுப் போர் தண்ணீரை நிரப்பினேன். குழாய்த் தண்ணீர் குடிக்கவே போதாது, அதை எப்படி வண்டிக்கு ஊற்றுவது. அம்மா போகும்வரை பதினான்கு மாதம் இப்படி ஊற்றினேன். அது ஹெட்டைத் தின்னும் என்பதை அறியாமல் செய்தேன். உன் வேலையில் குறை இல்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

மூன்றாவது. இந்த ஹெட் இனி உதவாது. ஆர்கான் வெல்டிங் வைத்து இன்னொரு தடவை சீவலாமா என்று கேட்டேன், சல்லடைக்கு ஒட்டுப் போடுறீகளா சார் என்றார், தவிர ஏற்கெனவே சீவியதன்மேல் மறுபடி சீவினால் அழுத்தம் அளவுக்கு மீறிப் போகுமாம். ஆகவே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இதே போன்ற ஆறு வால்வு ஹெட் புதிதாக வாங்கி, காற்று உள்ளே போகிற வழிகளை மட்டும் இஷாக் தேய்த்து அகலப்படுத்திக் கொடுப்பார், நீ போட்ட பெரிய கார்புரேட்டர் அப்படியே இருக்கலாம், ஒரு வாரத்தில் வண்டி ஓடும். இன்னொன்று, பின்னால் வந்த மாடலின் பன்னிரண்டு வால்வு ஹெட். சிலிண்டருக்கு நான்கு வால்வு இருப்பதால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும், வேகம் கூடக்கூட அதன் அருமை தெரியும் என்கிறார், ஆனால் கார்புரேட்டரை எடுத்துவிட்டு பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு, அதற்கான கம்ப்யூட்டர் பெட்டி, வயரிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி போதுமா என்று மெழுகுக் களிமண் வைத்து அளந்து பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் பிரித்த வண்டியின் ஹெட் ஒன்றை அவர் எடுத்து வைத்திருக்கிறார், அதன் துவாரங்களை டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கின்றன. நான் ஒரு தாளில் கோடு கிழித்து, வேகம், சூடு, உதிரிபாகம் கிடைப்பது, கெட்டால் இந்த ஊரில் சரிசெய்ய ஆள் இருப்பது என்று நான்கு தலைப்பில் இரண்டையும் ஒப்பிட்டேன். கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் போகிற எனக்கு ஆறு வால்வே அதிகம் என்று வந்தது. இஷாக்கும், சார் ஓட்டுற ஓட்டுக்கு ஹெட்டே வேணாம், முன்னாடி ஒரு மாட்டக் கட்டுனாப் போதும் என்றார். ஆனால் உன் டூல் பெட்டிக்குள் இருந்த நோட்டில், கடைசிப் பக்கத்தில், அடுத்த லீவுக்குப் பன்னிரண்டு வால்வு என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த பிறகு என் அட்டவணைமேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. இரண்டில் எதையும் தொடங்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். முடிவு நீதான் சொல்ல வேண்டும். இரும்புக்குத்தான் போட வேண்டும் என்று இப்போதும் சொன்னாலும் சரி, மறுபேச்சு பேச மாட்டேன், ஆனால் இந்த விவரம் தெரிந்த பிறகு சொல்.

நான்காவது. அன்று காலை ஆறரைக்கு அம்மா நெஞ்சைப் பிடித்தாள். மதுரைக்குக் கொண்டு போங்கள் என்று இங்கே டாக்டர் சொன்னதும், நம் வண்டியிலேயே போய்விடலாம் என்று சொன்னவன் நான், ஓட்டியவனும் நான். சின்னாளப்பட்டி தாண்டுமுன் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய் ஆவி வந்து நின்றுவிட்டது. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று. அம்மா பையிலிருந்து தன் குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டி, இதை ஊத்துங்க, எனக்குத் தாகமில்ல என்றாள். நான் அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டேன், அவள் முந்தானையை நனைத்து என் கையைச் சுற்றிவிட்டு, செத்த நேரம் சும்மா உக்காருங்க, ஏன் இம்புட்டுப் பதறுறீக, ஏதாச்சும் வண்டி வரும் என்றாள். வண்டி கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரம் முன்னதாகப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு மதுரை டாக்டரிடம் கேட்டேன், அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை வைத்து நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை.

மூன்றாம் நாள், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், மண் ஈரம் காயாத இடத்தில் நின்று, நீ சீவுன ஹெட்டுதான்டா உங்கம்மாவக் கொன்னுச்சு என்று உன்னைப் பார்த்துச் சொன்னேன். நீ கையிலிருந்த மெழுகுவர்த்தியை அணைத்து அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனாய். முப்பத்தொரு வருட வாத்தியார் வேலையில் எந்தப் பிள்ளையையும் விசாரிக்காமல் அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன், பெற்ற பிள்ளையை விசாரிக்காமல் தண்டித்தேன். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. இஷாக் சொன்னதையும் நான் அளந்ததையும் அத்தையிடமும் உன் சித்தப்பா வீட்டிலும் சொல்லிவிட்டேன், அன்று கல்லறையில் நின்ற மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லி வருகிறேன், இன்னும் நான்கு வீடு பாக்கி.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன், பூவும் மெழுகுவர்த்தியும் நான் பார்த்துக்கொள்வேன். லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால், வர மனமில்லாவிட்டாலும், அன்று அங்கே பக்கத்தில் உள்ள கோயிலில் ஒரு பூசை கண்டுவிடு. அங்கே வண்டி ஓட்டும்போது தூக்கக் கலக்கத்தில் ஓட்டாதே. எதையாவது கேட்க நினைத்தால் நேரம் பார்க்காமல் போன் செய். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அம்மாவின் ஆசீரும் என் ஆசீரும் உன்னோடு இருக்கட்டும். மறக்காமல் ஹெட் விஷயம் பத்தொன்பதாம் தேதிக்குள் சொல், அதுவரைதான் இஷாக் கோயம்புத்தூர் ஹெட்டை எடுத்து வைத்திருப்பார்.

உறையில் போடுமுன் ஒரு தடவை முழுவதும் படித்துப் பார்த்தேன். இரண்டாவதில் ஒன்று பிழை. வேறு தாளில் திருத்தி எழுதலாம்தான், எழுத உட்கார்ந்தால் இன்னும் எதையாவது மறைத்துவிடுவேன், அதனால் அது அப்படியே இருக்கட்டும். அறியாமல் செய்தேன் என்று எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. ஜூலை மாதம் வந்தால் ஒன்பதாம் வகுப்புக்குக் கடின நீர் பாடம் நடத்தியவன் நான், கொதிகலனில் உப்பு படிவதைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். பானெட்டுக்கு உள்ளே நீ தாளில் எழுதி ஒட்டியிருந்தாய், கூலன்ட் மட்டும், போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம் என்று. கேன் தீர்ந்தபோது எந்தக் கூலன்ட், எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது. அதற்கு முன் ஒரு தடவை கேட்டபோது, போன வாரம்தானேப்பா சொன்னேன் என்றாய், நீ கடுமையாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் மறுபடி கேட்கக் கூச்சமாகிவிட்டது. பெத்த பிள்ளைகிட்ட கேக்குறதுக்கு என்னங்க கூச்சம், நான் போன் போட்டுத் தரட்டா என்று அம்மாகூடக் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

உன் அப்பா,
ம. ஞானதாஸ்