விழாத குண்டூசிகள்

அக்கரப்பத்தனை
17.3.1963

அன்பு மகன் அழகனுக்கு அப்பா எழுதுவது. அம்மாவுக்குப் பனியில் முழங்கால் வலி, மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். யாழ்ப்பாணத்து வெயில் உனக்குப் பழகிவிட்டதா, வாத்தியார் பயிற்சி எப்படிப் போகிறது என்று எழுது.

சித்திரை வருசத்துக்குப் பொன்னையா மாஸ்டருக்குப் பலகாரம் கொடுக்கச் சொல்லியிருந்தாய். கொடுக்க மாட்டேன். உனக்குப் படிப்புச் சொன்னவர்தான், ஆனால் அந்தப் பெயரை எழுதவே கை கூசுகிறது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வைத்தார்கள். உன் தங்கை நாகலெட்சுமி மின்காந்தம் செய்தாள். ஒரே ஆணி, ஒரே டோர்ச் பெட்டரி, நூல் சுற்றிய செம்புக் கம்பி. கம்பியைக் கூடுதலாகச் சுற்றச் சுற்ற எத்தனை குண்டூசி தூக்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. மிச்சக் கம்பியை வெட்டிவிடலாமே என்றேன், "வேணாம்ப்பா, நீளமும் மாறிட்டா எதனால கூடுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று தொங்கவே விட்டாள். கடைசியில் எட்டு ஊசி தூக்கியது. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வரும் வித்தியாதிகாரி முன்னால் பெயர் வாங்க மாஸ்டருக்கு அது போதவில்லை. கண்காட்சிக்கு முதல்நாள் சாயந்தரமே அவளுக்குத் தெரியாமல் ஆணியை உருவிவிட்டு, காந்தத் துண்டு ஒன்றைக் காகிதம் சுற்றி உள்ளே சொருகி வைத்திருக்கிறார்.

மறுநாள் வித்தியாதிகாரி வந்தார். ஊசிகள் கொத்தாக ஒட்டின, எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அதிகாரி பெட்டரியைக் கழற்றச் சொன்னார். கழற்றினாள், ஒரு ஊசிகூட விழவில்லை. "யாரை ஏமாத்தப் பார்க்கிறாய்?" என்று அதட்டினார். பக்கத்திலேயே நின்ற மாஸ்டர், "தோட்டத்து லயத்துப் பிள்ளைங்கதானே சேர், புத்தி அப்படித்தான் போகும்" என்று சிரித்தார். பிள்ளை அழவில்லை. கம்பியைப் பிரித்துக் காகிதத்தைக் கிழித்துக் காந்தத்தை அதிகாரியின் கையில் வைத்து, "இது பள்ளிக்கூட அலுமாரிக்குள்ள இருந்த காந்தம் சேர், சாவி மாஸ்டர்கிட்டதான் இருக்கு" என்றாள். மேசை லாச்சியை இழுத்துப் பார்த்து, உள்ளே கிடந்த தன் ஆணியை எடுத்து அங்கேயே சுற்றிக் காட்டினாள். எட்டு ஊசி ஒட்டியது, பெட்டரியைக் கழற்றியதும் எட்டும் விழுந்தன. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசு வேறு யாருக்கோ போனது. பெரிய வாத்தியாரிடம் முறையிட்டேன், "பெரிசுபடுத்தாதீங்க" என்றார். அவரும் மாஸ்டரோடு சேர்ந்த கூட்டம்தான்.

இதோடு விட்டாரா மாஸ்டர்? போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கே வந்து, பிள்ளை மன்னிப்புக் கேட்காவிட்டால் அரசாங்கச் சோதனை எழுத அனுப்ப மாட்டேன் என்றார். அம்மா தேத்தண்ணி வைக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. "எம்புள்ள உள்ளதத்தான் சொன்னா. நீங்க வேணும்னா அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போங்க" என்றாள். அவர் குடையைக்கூட மறந்துவிட்டு இறங்கிப் போனார். நாகலெட்சுமி மறுநாளும் பள்ளிக்கூடம் போனாள். அனுப்பாவிட்டால் வெளியிலிருந்து விண்ணப்பம் போட்டு எழுதுவாளாம், அதற்கு வழி என்ன என்று உன்னைக் கேட்கச் சொன்னாள், உடனே விசாரித்து எழுது.

நாளைக்கு நீயும் வாத்தியாராக நிற்கப் போகிறாய். பிள்ளை எட்டு ஊசி தூக்கினால் எட்டு என்றே எழுத விடு. வேறெந்தப் பெருமையும் எங்களுக்கு வேண்டாம். நம் தோட்டத்துச் சாமி ரோதைமுனி உனக்குத் துணையிருப்பார். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லமுத்து