பாவாவின் குட்டி ஸ்பீக்கர்

வெள்ளி இரவு. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் இரண்டு நாள்.

மாடியில் குடியிருக்கும் சகலை, "வாங்க தம்பி, கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் ரெண்டு பேரும் சேர்ந்தே பார்த்து வாங்கலாம்" என்றுதான் கூப்பிட்டார். எனக்கு ஸ்பீக்கரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தும் வீம்புக்குத் தனியாகப் போனேன். கடைவீதி முழுக்கக் காவடிக் கூட்டம், பம்பைச் சத்தம். அதையும் மீறிக் கேட்டது ஒரே ஒரு பெரிய பெட்டி. அதையே வாங்கினேன்.

வீட்டில் போட்டால் ஜன்னல் அதிருகிறது, பாடுகிறவர் குரலே தெரியவில்லை. மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். "இன்னாங்க இது, இடிச்சிகினே கீது? அக்கா வூட்ல பாவா வாங்கினது இத்தினூண்டு, எவ்ளோ தெளிவா கேக்குது!"

பாவா என்றால் அதே சகலைதான். கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தச் சொல்லி, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டு வாங்கினாராம். விலையும் பாதிதானாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து பாவா, பாவா!

என்னுடையதை அணைத்துவிட்டேன். மாடியில் அவருடையது பாடுகிறது. சமையலறையில் இவள் கூடவே முணுமுணுக்கிறாள். அது ஒன்றும் அவ்வளவு நன்றாக இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாட்டின் ஒவ்வொரு வார்த்தையும் இங்கே கேட்கிறது.