ஈரல் உங்களுக்கு, மாம்பழம் எனக்கு

கதவுக்குப் பின்னால் நின்றபடியே என்னைக் காப்பாற்றிய அத்தைக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் வருஷப் படையல் போட்டோம். அங்கே நடந்த கூத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள், இலை உங்களுக்குத்தானே போட்டது? இருந்தாலும் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். செத்துப்போன மாமியார் இலையில் கை வைத்தவன் என்று புத்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் எனக்குப் பேராகிவிட்டது. உங்கள் பெண் வசந்தா அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. காப்பியை மட்டும் டேபிள் மேல் 'டங்'கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுத எப்படித் தைரியம் வந்தது என்று கேட்பீர்கள். பிள்ளைகளைத் தெலுங்கு மீடியத்தில் போட்ட புண்ணியம் உங்களுடையது, அத்தை. வசந்தாவும் அவள் தம்பி முனிரத்தினமும் தமிழில் நாளெல்லாம் சண்டை போடுவார்கள். தமிழில் ஒரு பஸ் போர்டு படிக்கத் தெரியாது. நான் அவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பேர் வாங்குகிறேன். அவர்கள் என் போட்டோவில் தொப்பை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆகவே நம் ரகசியம் பத்திரம். தமிழ் படிக்கத் தெரிந்த ஊர் உலகத்துக்கு மட்டும்தான் தெரியப்போகிறது.

கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மாமா விடிவதற்குள் கறிக்கடையில் போய் நின்று முழு ஈரலையும் வாங்கி வந்திருந்தார். மாந்தோப்பில் ஆட்களை அதட்டுகிற அதே குரலில், "ஈரல் மாப்ளைக்கு! ஒரு துண்டுகூட வேற எலைக்குப் போவக் கூடாது!" என்று உத்தரவு போட்டார். உங்கள் வீட்டில் அதுதான் மரியாதை. ஈரல் முதலில் மாப்பிள்ளைக்கு, மிஞ்சினால் மற்ற ஆம்பிளைகளுக்கு. பொம்பளைகளுக்கு அந்தச் சட்டியைக் கழுவுகிற பாக்கியம்.

எனக்கோ சின்ன வயதிலிருந்தே ஈரல் ஆகாது. துருப்பிடித்த சாவியைச் சப்புகிற ருசி, ஈர மண்ணை மெல்லுகிற பதம். முதல் துண்டு உள்ளே போனதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாருங்கடா, மாப்ளைக்குச் சந்தோசத்துல கண்ணே கலங்கிடுச்சு! இன்னும் நாலு வை!" என்றார் மாமா.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். நகரியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பையன் நான், தோப்புக்காரர் வீட்டில் பெண் எடுத்தவன். அதுகூடப் பரவாயில்லை. பரிமாறும்போது மாமாவின் மூஞ்சி ஒரு மாதிரி குழந்தை மூஞ்சியாக ஆகிவிடுமே, அதைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்?

மாட்டுப் பொங்கலுக்கு மறுபடி விருந்து. அதற்கு முந்தின ராத்திரி நான் சரியாகத் தூங்கவே இல்லை. இந்தத் தடவை ஈரல் தனியாக ஒரு கிண்ணத்தில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று, மிளகும் பூண்டுமாக அமிர்தம்! சேனைக்கிழங்கு. ஈரல் துண்டு அளவுக்கே நறுக்கி, இரும்புச் சட்டியில் கறுக்கக் கறுக்க வறுத்தது. நிமிர்ந்து பார்த்தால், சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு முந்தானை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறது.

"ஈரல் எப்பிடி மாப்ள?" என்றார் மாமா.

"இந்த மாதிரி ஈரல் என் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல மாமா," என்றேன். சத்தியமான வார்த்தை.

கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்தபோது, "அத்தை, நெஜ ஈரல் எங்க?" என்று கேட்டேன். நீங்கள் உதட்டைத் துடைத்துக்கொண்டீர்கள்.

"துன்னுட்டேன் மாப்ள. இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அத வறுத்து வறுத்து வாசனதான் புடிச்சிக்கினு இருந்தேன். ஒரு துண்டு எம் பக்கம் வந்ததில்ல. ஒங்க புண்ணியம்."

நமக்கு நடுவில் கதவு இல்லாமல் நீங்கள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு ஈரல் பிடிக்காது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "வாணாம்னு சொல்ல முடியாம துன்றவங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? மாங்கா காலத்துல வாங்க, புரியும்," என்றீர்கள்.

வந்தேன். சித்தூர் ரோட்டில் ஜூஸ் ஃபேக்டரிக்குப் போகிற தோத்தாபுரி மாங்காய் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற காலம். உங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் மாம்பழம், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மாம்பழம், காலை வைக்க இடமில்லாமல் மாம்பழம். மாமா கிணற்றடி மரத்தில் பழுத்த முதல் பழத்தைக் கழுவி, தன் கையாலேயே அறுத்து, சமையல்கட்டுக்குக் கொண்டுவந்து நீட்டுவார். "மொதல்ல நீ துன்னு." நீங்கள் தின்று முடிக்கிற வரை அங்கேயே நிற்பார். பெண்டாட்டிக்குப் பழம் ஊட்டாத குறை என்று ஊரே பொறாமைப்படும்.

நான் உங்கள் மூஞ்சியைப் பார்த்தேன், அத்தை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லாமல், மாத்திரை மாதிரி விழுங்கிவிட்டுச் சிரித்தீர்கள். ஈரல் தின்கிற என் மூஞ்சி அப்படியே அங்கே இருந்தது. பழுத்த மாம்பழ வாசனையே உங்களுக்குக் குமட்டும் என்று அப்புறம் சொன்னீர்கள். மாந்தோப்பு வீட்டு மருமகள் இதை எந்த வாயால் சொல்வாள்? அதுவும் ஒரு மனுஷன் ஆசையாக அறுத்து நீட்டும்போது?

நானோ மாம்பழம் என்றால் கொட்டையைக்கூட நக்காமல் விடாத ஜாதி. அன்றைக்கே நமக்குள் பண்டமாற்று ஆரம்பமாகிவிட்டது. மாமா அந்தப் பக்கம் திரும்பினால் உங்கள் பழம் ஜன்னல் வழியாக என் கைக்கு வரும். விருந்தென்றால் என் ஈரல் சட்டியிலேயே தங்கி உங்களுக்குப் போகும், சேனைக்கிழங்கு வேஷம் கட்டிக்கொண்டு என் இலைக்கு வரும். வசந்தாவுக்குச் சொல்லவில்லை. அவள் காதில் போட்டால் ரேணிகுண்டா ஸ்டேஷன் மைக்கில் சொன்ன மாதிரி. எங்கள் வீட்டில் அவள் ஈரல் வாங்குவதும் இல்லை. "அதான் எங்கம்மா வூட்ல போயி மூக்கு முட்ட துன்றீங்களே," என்பாள்.

மாமா போன பிறகு எல்லோருமாகக் காசி, கயா போனோம். கயாவில் ரொம்பப் பிடித்த தின்பண்டம் ஒன்றை விட்டுவிட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றார்கள். நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? மாமாவின் தங்கை காந்தம்மா கண்ணீரோடு பாகற்காயை விட்டார். முனிரத்தினம் டிராகன் ஃப்ரூட்டை விட்டான், அவன் அதைக் கண்ணால் பார்த்ததே அந்த வருஷம்தான். நான் முள்ளங்கியை விட்டேன், அதைப் பற்றி விசாரிக்காதீர்கள். கடைசியாக உங்கள் முறை வந்தது. "மாம்பழம்," என்றீர்கள்.

மொத்தக் குடும்பமும் ஓவென்று அழுதது. "எங்க அண்ணங் கையால துன்னதாச்சே! தெய்வம்மா நீ!" என்று காந்தம்மா உங்களைக் கட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது, துண்டைக் கடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "கெட்டிக்காரி அத்தை நீங்க," என்று கிசுகிசுத்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னீர்கள்:

"அவரு கையால குடுத்தாரு, துன்னேன். குடுக்கற கை போயிடுச்சு. இன்னமே யாருக்காவ துன்னணும் மாப்ள?"

இத்தனை வருஷம் ஊரைச் சிரிக்கவைத்துச் சம்பாதித்தவன் நான். அன்றைக்கு என்னால் முடிந்தது, எழுந்து போய் உங்களுக்கு ஒரு டீ வாங்கி வந்ததுதான்.

சரி, படையலுக்கு வருகிறேன். உங்கள் போட்டோவுக்கு முன்னால் புதுப்புடவை, தலைவாழை இலை, இலை கொள்ளாத மாம்பழம். காந்தம்மாதான் தலைமை. "பாவம், புருசனுக்காவ வுட்டா. கட்ட வெந்தப்புறம் சத்தியம் இன்னாத்துக்கு? இப்பவாச்சும் ஆச தீர துன்னட்டும்!" அறுத்த துண்டு ஒரு பக்கம், டம்ளரில் ஜூஸ், பாயசத்தில்கூட மாம்பழம்.

நான் தடுத்துப் பார்த்தேன். "கயாவுல விட்டத வைக்கறது தப்பில்லையா? அந்தப் பலன் போயிடாதா?"

"நீங்க எப்போலேர்ந்து மாப்ள சாஸ்திரம் பேசறீங்க? முள்ளங்கி வுட்டவருதானே நீங்க?" என்றார் காந்தம்மா.

காக்காய்க்கு வைத்த சோறு அப்படியே கிடந்தது. முனிரத்தினம் கலங்கிப்போய், "அம்மா கோவமா கீறாங்க. இன்னும் ரெண்டு பழம் அறுங்க," என்றான். அறுத்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி அறுத்தார்கள். போட்டோவில் நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கு நடுவில் முனிரத்தினம் ஒரு கிண்ணத்தோடு என் முன்னால் வந்தான். "மாமா, நைனா இருந்திருந்தா ஒங்களுக்குத்தான் மொதல்ல குடுப்பாரு." கிண்ணம் நிறைய ஈரல், அத்தை. நிஜ ஈரல்! இனிமேல் சேனைக்கிழங்கை வறுக்க யார் இருக்கிறார்கள்?

கிண்ணத்தைக் கையில் வாங்கினேன். நேராக உங்கள் இலைக்குப் போனேன். அதிலிருந்த மாம்பழத்தை எல்லாம் வழித்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, ஈரலை உங்கள் சோற்றுப் பக்கத்தில் கொட்டினேன். அப்புறம் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, உங்கள் பங்கு மாம்பழத்தைத் தின்ன ஆரம்பித்தேன்.

"ஏங்க! படையல் எலையில கை வெக்கிறீங்களே, இன்னா புடிச்சிருக்குது ஒங்களுக்கு?" என்று வசந்தா கத்தினாள். "மாம்பழத்தக் கண்டா இந்த ஆளுக்குப் பித்து ஏறும்னு அப்பவே சொன்னேன்," என்று காந்தம்மா தலையில் அடித்துக்கொண்டார். முனிரத்தினம் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான், அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். அந்த ஒரு வார்த்தையால், நைனா பழம் நீட்ட அம்மா வாங்கித் தின்கிற படம் ஒன்றை உங்கள் பிள்ளைகள் மனசுக்குள் மாட்டி வைத்திருக்கிறார்களே, அது கீழே விழுந்து உடைந்திருக்கும். தீனிப்பண்டாரம் என்று பேர் வாங்குவது எனக்கொன்றும் புதுசில்லை.

காக்காய் வந்தது. எதைக் கொத்திக்கொண்டு போனது என்று எழுதமாட்டேன், அத்தை. எழுதினால் கதை விடுகிறான் என்பார்கள்.

கொல்லையில் நாம் கைமாற்றிக்கொண்ட ஒவ்வொரு கிண்ணத்துக்கும் உங்களுக்கு நன்றி சொல்ல நினைத்து, மாமியாரிடம் போய் நன்றி சொல்வதா என்று கூச்சப்பட்டே காலம் போய்விட்டது. இப்போது சொல்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ரெண்டே விருந்தில் நீங்கள் கிடைத்துவிட்டீர்கள். நான் வருகிற வரைக்கும், அத்தனை மாங்காய்க் காலமும், உங்களுக்கு யார் இருந்தார்கள் அத்தை?

இங்கே வரைக்கும் எழுதிக்கொண்டிருக்கும்போது வசந்தா காப்பியோடு வந்தாள். இன்றைக்கு டம்ளர் சத்தம் போடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எங்கம்மாவுக்கு ஈரல் புடிக்குமா?"

நான் எழுதுகிறதை மறைத்துக்கொண்டேன். அவளால் படிக்க முடியாது என்பதுகூட அப்போது ஞாபகம் வரவில்லை. "ஏன் கேக்கற?" என்றேன்.

"நெனச்சிக்கினே இருக்கேங்க. அம்மாவுக்கு இன்னா புடிக்கும்னு நாங்க யாரும் ஒரு நாளும் கேட்டதில்ல."

"புடிக்கும்," என்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வர்ற வருசம் நானே வறுத்து வெக்கிறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆகவே இனி உங்கள் இலைக்கு ஈரல் தவறாமல் வரும், அத்தை. அதற்கு வசந்தா இருக்கிறாள். மாம்பழத்தை அவர்கள் நிறுத்தமாட்டார்கள், நிறுத்தச் சொல்லவும் என்னால் முடியாது. அவர்கள் வைக்கட்டும். என்ன பேர் வந்தாலும், டாக்டர் என்ன திட்டினாலும், எனக்கு உயிர் இருக்கிற வரைக்கும் அதை எடுத்துவிட நான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டு மரியாதையை இன்னும் தின்னப் பழகாத,
உங்கள் மாப்பிள்ளை